இலையுதிர் காலத்தில் ஒரு நீராவி ரயில் பயணம்: லீட்ஸ், சால்டேர், ஹவர்த் வார இறுதிக்கு முழுமையான வழிகாட்டி

நீராவி கண்ணுக்குத் தெரியாது. இன்ஜினின் புகைபோக்கியிலிருந்து வெள்ளை வெளேரென்று சுருண்டு எழுவதாக நாம் பார்ப்பது, வெளியே வந்த நீராவி குளிர்காற்று பட்டு நுண்ணிய நீர்த்துளிகளாக மாறியதால் உண்டான மேகமே. வெயில் காயும் கோடை நாளில் அந்த மேகம் திரள்வதற்குள் கலைந்துபோகும். அக்டோபர் மாதத்து ஈரக் குளிரிலோ அது பெட்டிகளின் மேல் நீளமாகப் படர்ந்து, பழுத்த இலைகளுக்கிடையே தங்கி, ரயில் வளைவைக் கடந்து மறைந்த பின்னும் பள்ளத்தாக்கில் சிறிது நேரம் நிற்கும். இங்கிலாந்தில் நீராவி ரயில் பார்க்க எது நல்ல காலம் என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் நான் தயங்காமல் இலையுதிர் காலத்தைச் சொல்வது இதனால்தான்.

அதற்கு நான் பரிந்துரைக்கும் இடம், மேற்கு யார்க்ஷரில் கீத்லியிலிருந்து ஆக்ஸன்ஹோப் வரை செல்லும் கீத்லி அண்ட் வொர்த் வேலி ரயில்வே. மொத்தம் 5 மைல், அதாவது சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள சிறிய கிளைப்பாதை அது. இதைவிட நீளமான பாரம்பரிய ரயில்பாதைகள் இங்கிலாந்தில் பல இருக்கின்றன. ஆனால் லீட்ஸ் போன்ற பெரிய நகரத்திலிருந்து காரே இல்லாமல் வந்து, அன்றாட ரயிலிலிருந்து இறங்கி, அதே நிலையத்தின் இன்னொரு நடைமேடையில் நீராவி ரயிலில் ஏறிக்கொள்ளும் வசதி எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. வழியிலேயே ஒரு பெரிய சந்தையும், சால்டேர் என்ற பழைய ஆலை ஊரும், கடைவீதியுள்ள ஹவர்த் என்ற மலைக்கிராமமும் அமைந்திருப்பதால், சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவசரமின்றி நிறைந்துவிடும்.

முதற்படி: எந்த வார இறுதி?

இப்பகுதியில் இலைகள் நிறம் மாறுவது அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. அதற்குள் அக்டோபரின் இரண்டாவது அல்லது மூன்றாவது வார இறுதியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் கருத்து. மாதக் கடைசியில் பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு வார விடுமுறை வருவதால் ரயிலிலும் தெருவிலும் கூட்டம் மிகுந்துவிடும். இதைவிட முக்கியமான காரணம் வெளிச்சம். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று அதிகாலையில் பிரித்தானியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. முந்தைய நாள் மாலை ஐந்தே முக்கால் வரை இருந்த வெளிச்சம், அன்று ஐந்து மணிக்கு முன்பே மங்கிவிடும். குன்றின் மேல் நடக்கவும் கடைகளைப் பார்க்கவும் நினைப்பவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம் சிறிய இழப்பல்ல.

நாளை முடிவு செய்வதற்கு முன் ரயில்வேயின் கால அட்டவணையைப் பார்த்துவிட வேண்டும். இலையுதிர் காலத்தில் வார இறுதியில்தான் நம்பி வரலாம். அந்த நாட்களிலும் எல்லா ரயிலும் நீராவியால் ஓடுவதில்லை. காலையின் முதல் ரயிலை டீசல் இன்ஜின் இழுப்பதும் உண்டு. எந்த ரயில் நீராவி, எது டீசல் என்று அட்டவணை பிரித்துக் காட்டும். சிறப்பு நிகழ்ச்சி நடக்கும் வார இறுதிகளில் கட்டணமும் கூட்டமும் வேறாக இருக்கும் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். அமைதியாக ரயிலைக் கேட்க விரும்புபவர்கள் நிகழ்ச்சி எதுவும் இல்லாத நாளையே எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி: தங்குமிடம், டிக்கெட், உடை

இரண்டு இரவும் லீட்ஸில் தங்குங்கள். ஹவர்த்திலேயே தங்கும் விடுதிகள் உண்டு, அழகானவையும்கூட. ஆனால் முதல் நாள் வாங்கிய பொருட்களைச் சுமந்துகொண்டு ஊர் மாறுவது, குறிப்பாகக் குழந்தைகளோ வயதானவர்களோ உடன் இருந்தால், பயணத்தின் பாதி இன்பத்தைக் கெடுத்துவிடும். லீட்ஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்துவிட்டால் பையை அங்கே போட்டுவிட்டுக் கைவீசி நடக்கலாம்.

லீட்ஸிலிருந்து கீத்லிக்குச் செல்லும் மின்சார ரயில் ஏறக்குறைய 25 நிமிடம் எடுத்துக்கொள்ளும். சால்டேர், பிங்லி இரண்டும் அதே வழியில் கீத்லிக்கு முன்னால் வரும் நிலையங்கள். குழந்தைகளுடன் செல்லும் குடும்பத்தினர் ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு எடுத்துக்கொண்டால், பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் குழந்தைகளுக்கு 60 சதவீதமும் குறையும். ஒரே அட்டையில் நான்கு பெரியவர்களும் நான்கு குழந்தைகளும் போகலாம். நீராவி ரயிலுக்கான டிக்கெட் தனி. அதில் டே ரோவர் எனப்படும் நாள் முழுதுக்குமான டிக்கெட்டையே வாங்குங்கள். போய்த் திரும்பும் பயணம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்தப் பாதையின் சுவை அதில் இல்லை, நடு நிலையங்களில் இறங்கி அடுத்த ரயில் வரும்வரை அங்கே நிற்பதில்தான் இருக்கிறது.

பெயர் உச்சரிப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கீத்லியின் ஆங்கில எழுத்துக்களைப் பார்ப்பவர்கள் 'கெய்லி' என்றே படிப்பார்கள். ரயிலில் அறிவிப்பதோ 'கீத்லி' என்று. நிலையத்தைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உடையில் இரண்டு விதி போதும். வெள்ளைத் துணி வேண்டாம், ஏனென்றால் கரித்துகள் பறந்து வந்து படியும். வழுக்காத அடிப்பாகமுள்ள காலணி கட்டாயம். ஏன் என்று ஹவர்த் பகுதியில் சொல்கிறேன். மழைக்குக் குடையைவிடத் தொப்பியுள்ள மழைக்கோட்டே உதவும், மேட்டுநிலத்துக் காற்றில் குடை நிற்காது.

மூன்றாம் படி: சனிக்கிழமை காலை, லீட்ஸ் சந்தை

கடை வேலையைச் சனிக்கிழமைக்கும் ரயிலை ஞாயிற்றுக்கிழமைக்கும் வைத்ததற்குக் காரணம் உண்டு: கர்க்கேட் சந்தை ஞாயிறன்று மூடியிருக்கும். ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். 1857-இல் கூரையிட்ட சந்தையாகத் தொடங்கி, 1904-இல் இன்று முகப்பில் தெரியும் அலங்காரக் கட்டடத்தைப் பெற்ற இடம் இது. இரும்புத் தூண்களுக்கும் கண்ணாடிக் கூரைக்கும் கீழே மீன்காரர்களுக்கு ஒரு வரிசை, இறைச்சிக்காரர்களுக்கு ஒரு வரிசை, துணி, பொத்தான், நூல் விற்பவர்களுக்கு இன்னொரு மூலை என்று பிரிந்து கிடக்கிறது. வெண்டைக்காயும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் வாங்கவே வாரந்தோறும் வரும் நம்மவர்களையும் அங்கே காணலாம்.

மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பெரிய நிறுவனத்தின் வேர் இந்தச் சந்தைதான். மைக்கேல் மார்க்ஸ் என்ற யூதக் குடியேறி 1884-இல் இங்கே ஒரு கடை போட்டார். ஆங்கிலம் சரியாகப் பேச வராத அவர், 'விலை கேட்க வேண்டாம், எல்லாம் ஒரு பென்னி' என்று எழுதி வைத்து வியாபாரம் செய்தார். அந்தத் தொடக்கத்தை நினைவுகூரும் கடிகாரம் சந்தைக்குள் தொங்குகிறது. புதிய நாட்டில், புதிய மொழியில் பிழைக்க வந்த ஒருவர் பேரம் என்ற பேச்சையே இல்லாமல் செய்து வென்ற இடம் என்பதால், எனக்கு அதன் கீழே நிற்பது ஒவ்வொரு முறையும் மனதைத் தொடும் விஷயம்.

இங்கே வாங்க வேண்டியவை இலையுதிர் காலத்துக்கே உரியவை: யார்க்ஷர் ஆப்பிள், பேரிக்காய், பழக்கேக்குடன் சேர்த்துத் தின்னும் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி. கம்பளி நூல் வாங்க நினைப்பவர்கள் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை சதவீதம் கம்பளி என்று படித்துப் பார்க்க வேண்டும். தொட்டுப் பார்த்தால் மென்மையாக இருப்பதெல்லாம் ஆட்டு ரோமமல்ல. சந்தையிலிருந்து ஐந்து நிமிட நடையில் விக்டோரியா காலத்து மூடிய கடைவீதிகள் இருக்கின்றன. அவற்றில் பழமையான தார்ன்டன்ஸ் ஆர்க்கேட் 1878-இல் கட்டப்பட்டது. அதன் கோடியில் மரப்பொம்மைகள் மணியடிக்கும் கடிகாரம் குழந்தைகளுக்குப் பிடிக்கும். அங்குள்ள கடைகள் விலை உயர்ந்தவை. கண்ணால் பார்த்துவிட்டு நகரலாம்.

பதினொன்றரைக்குள் பைகளை அறையில் வைத்துவிட்டு நிலையத்துக்கு வாருங்கள்.

நான்காம் படி: சனிக்கிழமை பிற்பகல், சால்டேர்

லீட்ஸிலிருந்து கால் மணி நேரம். நிலையத்தின் படிகளில் ஏறும்போதே ஆலையின் நீண்ட கல்முகம் எதிரே நிற்கும். டைட்டஸ் சால்ட் என்ற கம்பளி முதலாளி, பிராட்ஃபோர்டு நகரத்தின் புகையிலிருந்தும் நோயிலிருந்தும் தள்ளி ஏர் ஆற்றங்கரையில் எழுப்பிய ஆலையும் தொழிலாளர் ஊரும் சேர்ந்ததே சால்டேர். 545 அடி நீளமுள்ள ஆலை 1853-இல், அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளில் திறக்கப்பட்டது. சுற்றிலும் 800-க்கும் மேற்பட்ட கல்வீடுகள், பள்ளி, தேவாலயம், பூங்கா எல்லாம் அவர் கட்டியவை. மதுக்கடைக்கு மட்டும் இடம் தரவில்லை. தெருக்களில் பலவற்றுக்குத் தம் பிள்ளைகளின் பெயர்களை வைத்தார். 2001-இல் யுனெஸ்கோ இவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

1986-இல் நெசவு நின்றபோது இடிந்துபோயிருக்க வேண்டிய ஆலையை, அடுத்த ஆண்டே ஜானதன் சில்வர் என்பவர் வாங்கிக் கலைக்கூடமாகவும் கடைகளாகவும் மாற்றினார். பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்கள் தரைத்தளத்து நீண்ட கூடத்தில் இருக்கின்றன; நுழைவுக் கட்டணம் இல்லை. ஒரு காலத்தில் கம்பளியின் எண்ணெய் வாடை நிறைந்திருந்த அந்தக் கூடத்தில் இப்போது பெரிய ஜாடிகளில் வைத்த லில்லி மலர்களின் மணம் முதலில் வந்து தாக்கும். மேல்தளத்துப் புத்தகக்கடையில் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. புத்தகத்துக்கென்று பணம் ஒதுக்கியிருப்பவர்கள் அதை லீட்ஸில் செலவழிக்காமல் இங்கே கொண்டுவர வேண்டும்.

கால் வலுவுள்ளவர்கள் ஆலைக்குப் பின்னே ஓடும் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் கரையில் மேற்கே பிங்லி வரை நடக்கலாம். 1774-இல் திறக்கப்பட்ட ஐந்தடுக்கு மடைகள் பிங்லியைத் தாண்டியதும் வரும். ஒரு மடையின் மேல்கதவே அடுத்த மடையின் கீழ்க்கதவாக இருக்கும்படி படிக்கட்டுபோல் அடுக்கி, படகுகளைச் சுமார் 18 மீட்டர் உயர்த்தும் அமைப்பு அது. வயலுக்கு மடை திறந்து பழகியவர்களுக்கு அதன் கணக்கு பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். பிங்லியில் ரயிலேறி லீட்ஸுக்குத் திரும்புங்கள்.

ஐந்தாம் படி: ஞாயிறு காலை, கீத்லி நடைமேடை

முதல் நீராவி ரயில் புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே கீத்லியில் இருக்க வேண்டும். ஞாயிறு காலையில் லீட்ஸிலிருந்து வரும் ரயில்கள் குறைவு என்பதால் முந்தைய இரவே நேரம் பார்த்து வையுங்கள். இறங்கியதும் 3, 4 என்று எண்ணிட்ட நடைமேடைகளை நோக்கி நடந்தால், இருபது அடிக்குள் காலம் மாறிவிடும்: மரப்பலகைகள், பழைய விளம்பரத் தகடுகள், கரி எரியும் வாசனை.

இந்த ரயிலின் கதையை ஏறும் முன் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளத்தாக்கின் ஆலை முதலாளிகளுக்குக் கரி கொண்டுவரவும் துணியை வெளியே அனுப்பவும் வழி வேண்டியிருந்ததால் அவர்களுடைய பணத்தில் 1867-இல் திறக்கப்பட்ட பாதை இது. கட்டும் காலத்தில் பாதையின் வரைபடத்தை ஒரு பசு தின்றுவிட்டதால் வேலை தாமதமானதாக இங்கே இன்றும் சொல்வார்கள். 1961 முடிவில் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. உள்ளூர் மக்கள் சங்கம் அமைத்து, பாதையையே வாங்கி, 1968 ஜூன் 29 அன்று மீண்டும் ஓட்டினார்கள். அதற்கு ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 11 அன்று, பிரித்தானியாவின் பொது ரயில் சேவையில் நீராவி முடிவுக்கு வந்தது. நாடே கைவிட்டுக்கொண்டிருந்ததை ஒரு பள்ளத்தாக்கு மக்கள் தாங்களே பொறுப்பெடுத்துக்கொண்டார்கள். இன்றும் டிக்கெட் தருபவர், கொடியசைக்கும் கார்டு, இன்ஜின் ஓட்டுநர் என்று பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள்தான். கேள்வி கேட்டால் மகிழ்ச்சியாக நின்று பதில் சொல்வார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

அதே 1968 செப்டம்பரில், வேல்ஸ் நாட்டின் பாரி ஊரில் உடைத்து இரும்பாக்குவதற்காகக் குவிக்கப்பட்டிருந்த இன்ஜின்களில் மீட்கப்பட்ட முதலாவதும் இந்தப் பாதைக்கே வந்தது. 43924 என்ற எண்ணுள்ள கறுப்புச் சரக்கு இன்ஜின் அது. அந்தக் கிடங்கிலிருந்து பின்னர் இருநூற்றுக்கும் மேற்பட்டவை நாடெங்கும் காப்பாற்றப்பட்டன. 43924 என்ற எண் கண்ணில் பட்டால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

ஆறாம் படி: ஏற்றத்தைக் காதால் பார்ப்பது

போகும்போது இன்ஜினை ஒட்டிய பெட்டியில் உட்காருங்கள். வழிகாட்டி முழுவதிலும் இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். கீத்லியிலிருந்து பாதை உடனே வளைந்து, 58 அடிக்கு 1 அடி என்ற ஏற்றத்தில் ஏறத் தொடங்குகிறது. நீலகிரி மலை ரயிலில் 12 அடிக்கு 1 அடி ஏற்றத்தில் பற்சக்கரம் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்சட்டத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை; வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தின் மேல் வெறும் எடையால் பிடித்து ஏறுகிறது.

இலையுதிர் காலத்தில் இந்தப் பிடிமானத்துக்குச் சோதனை வருகிறது. விழுந்த இலைகள் சக்கரத்தின் அடியில் நசுங்கி, மழையில் நனைந்து, தண்டவாளத்தின் மேல் சோப்புப் பூசியதுபோல் ஒரு படலமாகிவிடும். புறப்படும்போது கவனித்துக் கேளுங்கள். இரண்டு உருளைகள் (சிலிண்டர்கள்) உள்ள இன்ஜின், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நான்கு முறை மூச்சு விடும்: முதலில் தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் இடையில் எண்ண முடிகிற அளவு இடைவெளியுடன். திடீரென்று அந்த மூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டி, பெட்டி முன்னே நகராமல் நடுங்கினால், சக்கரம் வழுக்கிவிட்டது என்று பொருள். ஓட்டுநர் உடனே நீராவியைக் குறைப்பார். சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியே மணல் விழும். மறுபடி அந்த மூச்சு மெதுவாக, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழும். உலர்ந்த கோடைக்காலத்தில் வருபவர்களுக்கு இது அரிதாகவே கேட்கக் கிடைக்கும்.

உள்ளே இருக்கையின் அடியிலிருந்து வரும் சூட்டையும் கவனியுங்கள். அதுவும் இன்ஜினின் நீராவிதான், குழாய் வழியே பெட்டிகளுக்கு வருகிறது. குளிர்காலம் நெருங்கும்போதுதான் திறந்துவிடுவார்கள். சன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டால் ஒலி நன்றாகக் கேட்கும், ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் தலையை வெளியே நீட்டக் கூடாது. பாதையில் இரண்டு சுரங்கங்களும் பல பாலங்களும் உண்டு, கண்ணில் கரித்துகள் விழுந்தால் அன்றைய நாளே போய்விடும்.

வழியில் இங்ரோ, டாமம்ஸ், ஓக்வொர்த், ஹவர்த் என்ற நிலையங்கள் வரும். டாமம்ஸின் நடைமேடை ஒரே ஒரு பெட்டிக்குத்தான் போதும். ஒரே நேரத்தில் இரண்டு ரயில்கள் ஓடும் நாளில், டாமம்ஸை அடுத்து அவை ஒன்றுக்கொன்று வழிவிடும் இடத்தில் சிக்னல்காரரும், இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனும் டோக்கன் மாற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். ஒற்றைப் பாதையில் அந்த டோக்கன் கையில் இல்லாமல் எந்த ரயிலும் நுழைய முடியாது. நம் ஊரில் நிலைய அதிகாரி வளையத்தில் மாட்டி நீட்டியதைச் சிறுவயதில் பார்த்தவர்களுக்கு இது பழைய உறவினரைக் கண்டதுபோல் இருக்கும்.

ஏழாம் படி: ஆக்ஸன்ஹோப்பில் பத்து நிமிடம்

ஹவர்த்தில் இறங்கிவிடாமல் கடைசி நிலையம் வரை போங்கள். பாதை இங்கே முடிகிறது. திரும்பிப் போக வேண்டுமானால் இன்ஜின் ரயிலின் மறுமுனைக்கு வர வேண்டும். ரயில் நின்றதும் உடனே இறங்கி முன்னால் செல்லுங்கள். ஃபயர்மேன் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே குனிந்து இறங்குவார். பிரேக்குக் குழாயைப் பிரிப்பார். சூடு செல்லும் குழாயைப் பிரிக்கும்போது மிச்சமிருந்த நீராவி சீறிக்கொண்டு வெளியேறி அவருடைய முழங்காலை மறைக்கும். பிறகு கனத்த இணைப்புச் சங்கிலியின் திருகைத் தளர்த்தி, இரண்டு கையாலும் தூக்கிக் கழற்றுவார். இன்ஜின் தனியே முன்னே போய், தடம் மாற்றும் பாயிண்ட்ஸைத் திருப்பியதும் பக்கத்துத் தண்டவாளத்தில் பெட்டிகளைக் கடந்து ஓடி, மறுமுனையில் வந்து ஒட்டும். அந்தக் கடைசி ஓரடியைப் பாருங்கள்: பல டன் எடையுள்ள இன்ஜின் கதவைத் தட்டுவதுபோல அவ்வளவு மெதுவாகப் பெட்டியைத் தொடும். அருகில் நிற்கும் குழந்தைகள் அந்த நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுவதை நான் ஒவ்வொரு முறையும் கவனித்திருக்கிறேன்.

அதே ரயிலில் திரும்பி ஹவர்த்தில் இறங்குங்கள்.

எட்டாம் படி: ஹவர்த், கடைவீதியும் மேட்டுநிலமும்

நிலையம் கீழே, பழைய ஊர் மேலே. இரும்பு நடைபாலத்தைக் கடந்து பட் லேன் என்ற செங்குத்தான சந்தில் ஏறினால் மெயின் ஸ்ட்ரீட்டின் அடிவாரத்தை அடையலாம். குதிரைகளின் குளம்புக்குப் பிடி கிடைப்பதற்காகச் செதுக்கிய செவ்வகக் கற்களைப் பதித்த தெரு அது. குதிரைக்கு உதவிய கல், ஈர இலை படிந்த அக்டோபரில் மனிதக் காலுக்கு அவ்வளவு உதவுவதில்லை. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா வழக்கமான செருப்போடு இறங்கும்போது சறுக்கி உட்கார்ந்து, மணிக்கட்டு வீங்கி, மீதி நாள் முழுதும் ஒரு தேநீர்க்கடையிலேயே இருக்க நேர்ந்தது. காலணி பற்றி நான் வற்புறுத்துவது அதனால்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த ஏற்றத்தை முயல வேண்டாம்; கீத்லியிலிருந்து மேலே வரும் பேருந்து இருக்கிறது.

இந்தத் தெருவில் சங்கிலிக் கடைகள் அரிது. பழைய மருந்துக்கடைபோல் அமைந்த சோப்புக் கடை, பழைய புத்தகக்கடை, கம்பளி உடைகள், கண்ணாடி ஜாடிகளில் மிட்டாய்களை அடுக்கி நிறுத்துத் தரும் கடை என்று எல்லாம் சிறியவை. முதலில் ஒன்றும் வாங்காமல் உச்சி வரை ஏறிவிட்டு, இறங்கும் வழியில் வாங்குங்கள். சுமையும் இல்லை, விலையும் ஒப்பிட்டாகிவிடும்.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் பார்க்கின் வாங்குங்கள். ஓட்ஸ் மாவும் கருநிறச் சர்க்கரைப்பாகும் இஞ்சித்தூளும் சேர்த்துச் சுடும் வடக்கு இங்கிலாந்து கேக் அது. நவம்பர் 5-ஆம் தேதி தீமூட்டும் இரவை ஒட்டி வீடுகளில் செய்வார்கள். பிட்டு மோந்து பார்த்தால் கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்த நம் ஊர் மணம் வரும். முட்டை சேர்வது வழக்கம், சிலர் பன்றிக்கொழுப்பும் சேர்ப்பார்கள் என்பதால் சைவ உணவுக்காரர்கள் பொருட்பட்டியலைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

உணவைப் பற்றிய இன்னொரு எச்சரிக்கை இதைவிட முக்கியமானது. யார்க்ஷரில் பல கடைகள் உருளைக்கிழங்கு வறுவலை எண்ணெயில் அல்ல, மாட்டுக்கொழுப்பில் பொரிக்கின்றன. அதையே தரமாகக் கருதுகிறார்கள். இங்கே வந்த முதல் ஆண்டில், உருளைக்கிழங்குதானே என்று நம்பி ஒரு கடையில் வாங்கி, வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகே சுவரிலிருந்த அறிவிப்பைப் படித்தேன். மாட்டிறைச்சி உண்ணாத பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள், எதில் பொரிக்கிறீர்கள் என்று தயங்காமல் கேட்டுவிட வேண்டும். சூப்பும் ரொட்டியும், சுட்ட உருளைக்கிழங்கும் எல்லாத் தேநீர்க்கடையிலும் கிடைக்கும்.

தெருவின் உச்சியில் தேவாலயமும், அதன் பின்னே பிரான்டே குடும்பம் 1820 முதல் வாழ்ந்த பாதிரியார் இல்லமும் இருக்கின்றன; 1928 முதல் அது அருங்காட்சியகம். ஷார்லட், எமிலி, ஆன் என்ற மூன்று எழுத்தாளச் சகோதரிகளைப் பற்றி அங்கே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ரயில் பார்க்க வந்தவர்களுக்கு நான் சேர்த்துச் சொல்வது இது: இந்தப் பாதை ஹவர்த்துக்கு வந்தபோது அவர்களில் ஒருவரும் உயிருடன் இல்லை, ஆனால் அந்த வீட்டில் ரயில் இருந்தது. சகோதரிகள் தங்கள் சிறு சேமிப்பை ஒரு ரயில்வே நிறுவனத்தின் பங்குகளில் போட்டிருந்தார்கள். அவர்களுடைய சகோதரர் பிரான்வெல் 1840 முதல் 1842 வரை பக்கத்துப் பள்ளத்தாக்கின் நிலையங்களில் ரயில்வே எழுத்தராக வேலை பார்த்து, கணக்கில் பணம் குறைந்ததால் நீக்கப்பட்டார். எதிரேயுள்ள கல்லறைத் தோட்டத்தில் கல்லோடு கல் இடிக்கும் நெருக்கத்துக்கும் காரணம் உண்டு. 1850-இல் எடுத்த சுகாதார அறிக்கையின்படி இவ்வூரில் இறந்தவர்களின் சராசரி வயது சுமார் 25. கழிவும் கல்லறை நீரும் கலந்த கிணறுகளே அதற்குக் காரணமாக இருந்தன.

இரண்டு மணிக்கு முன்பு இங்கே முடிந்துவிட்டால் மேற்கே மேட்டுநிலத்தில் ஒரு மணி நேரம் நடக்கலாம். ஆகஸ்டில் ஊதாப் பூவாக இருந்த ஹெதர் புதர் இப்போது பழுப்பாகியிருக்கும், அதற்கு நடுவே பெரணிகள் துருவின் நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும். அருவி வரை போய்த் திரும்ப ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அக்டோபரில் குழந்தைகளுடன் அதை முயல வேண்டாம், முதல் மேட்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தாலே போதும். ரயில் புறப்படும் நேரம் தெரிந்திருந்தால் இங்கிருந்து காத்திருங்கள். ரயில் கண்ணில் படாமல், வெள்ளை மேகம் மட்டும் மரங்களுக்கு மேலே நகர்ந்துவரும்.

ஒன்பதாம் படி: திரும்புதல்

இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலை குறைவு, ஒலியும் குறைவு; ஆகவே கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து பின்னே விலகும் பாதையைப் பாருங்கள். வழியில் ஒரு நிலையத்தில் மட்டும் இறங்க நேரம் இருக்கும். வாயு விளக்குகள் எரியும் ஓக்வொர்த்தா, பழைய பெட்டிகளின் அருங்காட்சியகம் உள்ள இங்ரோவா என்றால், பொழுது சாயும் நேரத்தில் நான் ஓக்வொர்த்தையே தேர்ந்தெடுப்பேன்: 1970-இல் வெளிவந்த குழந்தைகள் படம் ஒன்றுக்காக உலகறிந்த அந்தச் சிறு நிலையத்தில் விளக்கின் மஞ்சள் ஒளியும் ஈரத் தழையின் வாசனையும் சேரும் நேரம் அது. மழையாக இருந்தால் மட்டும் இங்ரோ.

கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலைப் பிடிப்பதாகவே திட்டம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் கடைசி நீராவி ரயில் மாலை தொடங்கும்போதே போய்விடும். தவறவிட்டால் ஹவர்த்திலிருந்து கீத்லிக்குப் பேருந்து உண்டு, ஆனால் ஞாயிறு மாலையில் அது அடிக்கடி வராது. கீத்லியில் இறங்கியதும் பாலத்தைக் கடந்து லீட்ஸ் ரயிலுக்கான நடைமேடைக்குப் போய் நில்லுங்கள். உங்களை இறக்கிவிட்ட இன்ஜின் தண்ணீர் பிடிப்பதை அங்கிருந்தே கேட்கலாம்.

கோட்டில் ஏறிய கரி வாசனை இரண்டு நாள் சன்னலோரம் தொங்கவிட்டால் போய்விடும். பார்க்கினை அன்றிரவே திறக்காமல் காற்றுப் புகாத டப்பாவில் புதன்கிழமை வரை வையுங்கள். அப்போதுதான் பாகு உள்ளே இறங்கிப் பிசுபிசுப்பாகும்.